பூனை வளர்ப்போரும் அண்டை வீட்டாரும்

நம் வீடுகளில் பூனை வளர்க்கத் தடையில்லை. பூனை அசுத்தமான பிராணி அல்ல என்று நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி அபூதாவூதில் உள்ளது. ஆனால், அது பூனை வாய் வைத்த தண்ணீரைப் பற்றியது. அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ்தான். பக்கத்து வீட்டு மாடியில் காயும் தொழுகை உடையை நம் பூனை அசுத்தப்படுத்தினால், அதற்கு நாமே பொறுப்பு.

மலம்: தட்டில் மணல் நிரப்பி, வீட்டுக்குள்ளேயே போகப் பழக்கலாம். தினமும் அதை அகற்ற வேண்டும். பூனை மலத்தில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி, தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாட்கள் ஆகும். அது வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கலாம். எனவே கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது.

கடி, கீறல்: குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் நாமே அழைத்துச் செல்வோம். நம் பூனைக்கு ஊசி போட்டாயிற்று என்று வாதிட்டுக் கொண்டிருக்க வேண்டாம்.

குட்டிகள்: பூனை சுமார் 9 வாரங்களில் குட்டி போடும். வேண்டாத குட்டிகளை அடுத்த தெருவில் விட்டு வருவது குட்டிகளுக்கும் அநீதி, அத்தெருவினருக்கும் அநீதி. வளர்ப்பவர்களை முன்கூட்டியே தேடுவோம்.

குறை சொல்லி வருபவரிடம் "வாயில்லா ஜீவன்தானே" என்று மழுப்பாமல், அழுக்கான துணியை வாங்கித் துவைத்துக் கொடுப்போம். குறை உள்ளவர்களும் கல்லெறியாமல், விஷம் வைக்காமல், முதலில் நம் கதவைத் தட்டட்டும்.