ஒரு மூலமும் மூன்று உரைகளும்: 2008-ஆம் ஆண்டு அடைமான வீழ்ச்சியின் பழி

அமெரிக்க நாட்டில் 2008-ஆம் ஆண்டு முற்றிய வீட்டு அடைமானக் கடன் வீழ்ச்சிக்குப் பழியேற்கத் தக்கார் யாவர் என ஆராய்ந்த பதின்மர் குழு, 2011 சனவரியில் தன் முடிவை வெளியிட்டது. முடிவு ஒன்றன்று, மூன்று. ஒரு நூற்பாவிற்கு உரையாசிரியர் மூவகைப் பொருள் கொள்ளுதல் போல்வது இஃது.

மேற்பார்வைத் தளர்ச்சியும் வங்கிகளின் வரம்பு கடந்த துணிவும் காரணம், வீழ்ச்சி தவிர்க்கத் தக்கதே என்றனர் அறுவர். மூவர், உலகெங்கும் பெருகிய மலிவான கடன் முதலாகப் பத்துக் காரணம் கூறினர். பீட்டர் வாலிசன் தனித்து நின்று, எளியோர்க்கு வீடு கிட்டச் செய்ய முனைந்த அரசின் கொள்கையையே குறித்தார். அக்கொள்கை தீண்டாத அயர்லாந்திலும் இசுப்பெயினிலும் வீட்டு விலை ஏறி வீழ்ந்தமைக்கு அவ்வுரை விடை கூறாது.

கடன் பெற்றோர் வருவாயைப் பொய்யாகக் கூறினர் என்பாரும் உளர். கூறினோர் இருந்தனர், மறுப்பதற்கில்லை. சான்று கேளாது கொடுத்தவர் யார்? கொடுத்த கடனை உடனே பிறர்க்கு விற்கலாம் ஆதலின், அது மீளுமா என்னும் கவலை அவர்க்கு இலதாயிற்று. இதனைத் தடுக்க விதி வகுக்கும் அதிகாரம் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நாட்டு நடுவண் வங்கிக்கு அன்று இருந்தது. உயர்வட்டி வீட்டுக் கடனுக்கு வருவாய்ச் சான்று வேண்டும் என அவ்வங்கி விதித்ததோ 2008 சூலையில். செப்டம்பரில் லேமன் பிரதர்சு வீழ்ந்தது. அக்டோபர் 3-இல், வங்கிகளைக் காக்க 70,000 கோடி டாலர் வரை வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது.

ஆதலின் அறுவர் உரையே எமக்கு உடன்பாடு. நிகழ விட்டமைக்கு நாட்டினரும் பொறுப்பேற்க வேண்டும் என அவர் சேர்த்துரைத்தது மட்டும் பொருந்துமாறில்லை. வீடிழந்தோரும் அந்நாட்டினருள் அடங்குவர்.