இராட்சத ரோபோப் போர் விளையாட்டில் ஆட்டத்திறன்: பேட்டில்டெக் வரலாறு

பேட்டில்டெக் என்பது அமெரிக்காவின் சிகாகோ நகரில் இயங்கிய பாசா நிறுவனம் 1984 ஆம் ஆண்டில் வெளியிட்ட பலகை விளையாட்டு ஆகும். முப்பத்தோராம் நூற்றாண்டில் நடப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட போர்களில், 20 முதல் 100 டன் வரை எடையுள்ள நடக்கும் இயந்திரங்கள் மோதிக்கொள்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு மனிதர் அமர்ந்து ஓட்டுகிறார். இந்த இயந்திரங்களைச் சுருக்கமாக 'மெக்' என்பர். இதே விதிகளிலிருந்து மெக்வாரியர் என்னும் கணினி விளையாட்டு வரிசை பின்னர் உருவானது.

மேசையில் பகடை உருட்டிய காலம் முதல் இணையத்தில் பன்னிருவர் அணிகள் மோதும் காலம் வரை, நல்ல ஆட்டக்காரர் யார் என்ற கேள்விக்கு விடை சில முறை மாறியிருக்கிறது. வேகமாகச் சுடுபவரே வெல்வார் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பது இயல்பு. எப்போது சுடாமல் இருப்பது, எந்தப் பக்கம் அடியை வாங்கிக்கொள்வது என்ற இரண்டையும் அறிந்தவரே வென்றார் என்பதை இவ்விளையாட்டின் வரலாறு காட்டுகிறது.

தோற்றம்

பாசா நிறுவனத்தை ஜோர்டான் வெய்ஸ்மன், எல். ராஸ் பாப்காக் ஆகிய இருவரும் 1980 இல் தொடங்கினர். மார்க்ஸ் சகோதரர்களின் நகைச்சுவைப் படம் ஒன்றில் வரும் ஃப்ரீடோனியா என்ற கற்பனை நாட்டின் விண்வெளித் துறை என்பதன் சுருக்கமே 'பாசா'. விளையாட்டின் முதல் பெயர் பேட்டில்ட்ராய்ட்ஸ். 'ட்ராய்ட்' என்ற சொல்லுக்கு லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் உரிமை கோரியதால் அடுத்த பதிப்பில் பெயர் மாறியது. தொடக்க கால மெக் உருவங்கள் சில ஜப்பானிய இயங்குபடங்களிலிருந்து உரிமம் பெற்று எடுக்கப்பட்டவை. அவை பின்னாளில் வழக்குக்கு வழிவகுத்தன.

மேசையில்: கணக்கும் வெப்பமும்

பலகை ஆட்டத்தில் களம் அறுகோணக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டம் 30 மீட்டர், ஒரு சுற்று 10 நொடி. சுடும்போது இரண்டு பகடைகளை உருட்டி, இலக்கு எண்ணையோ அதற்கு மேலோ பெற வேண்டும். சராசரி ஓட்டுநரின் அடிப்படை எண் 4. அவர் நடந்துகொண்டே சுட்டால் 1 கூடும். எதிரி ஐந்து கட்டம் நகர்ந்திருந்தால் 2 கூடும். நடுத்தர தூரம் என்றால் மேலும் 2. மொத்தம் 9. இரண்டு பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு 36 இல் 10, அதாவது சுமார் 28 விழுக்காடு. அதே ஆள் சில கட்டங்கள் முன்னேறிக் குறுகிய தூரத்துக்கு வந்திருந்தால் தேவை 7 ஆகிவிடும். வாய்ப்பு 58 விழுக்காடு. பகடையை யாரும் ஆள முடியாது. ஆனால் எந்த எண்ணுக்காக உருட்டுகிறோம் என்பதை ஆட்டக்காரரே நகர்வின் மூலம் தீர்மானிக்கிறார்.

நகர்வின் வரிசைக்கும் ஒரு தந்திரம் உண்டு. சுற்றின் தொடக்கப் பகடையில் தோற்றவர் முதலில் நகர்த்த வேண்டும். இருவரும் ஒவ்வொரு மெக்காக மாறி மாறி நகர்த்துவதால், பிந்தி நகர்த்துபவர் எதிரியின் நிலையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார். அனுபவசாலி தோற்ற சுற்றில் முக்கியமில்லாத மெக்கை முதலில் நகர்த்தி, வலிமையானதைக் கடைசிவரை கையில் வைத்திருப்பார்.

இவை பிற போர் விளையாட்டுகளிலும் உள்ளவைதாம். பேட்டில்டெக்கின் தனித்துவம் வெப்பம். ஒவ்வோர் ஆயுதமும் சுடும்போது மெக்கைச் சூடாக்கும். உள்ளே பொருத்திய ஒவ்வொரு வெப்பத் தணிப்பானும் சுற்றுக்கு ஓர் அலகைக் குறைக்கும். மிஞ்சியது சேர்ந்துகொண்டே போகும். 5 அலகில் நடை தளரும், 8 இல் குறி தவறத் தொடங்கும், 14 இல் இயந்திரம் தானாக நின்றுவிடும் அபாயம் வரும், 19 இல் உள்ளிருக்கும் வெடிமருந்து வெடிக்கக்கூடும். 30 ஐத் தொட்டால் நிச்சயம் நின்றுவிடும்.

70 டன் எடையுள்ள வார்ஹாமர் என்ற மெக்கை எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டு துகள் பீரங்கிகளும் சேர்ந்து 20 அலகு வெப்பம் தரும், நடைக்கு 1. தணிப்பான்கள் 18. மீதம் 3. கையில் இருக்கிறதே என்று இரண்டு நடுத்தர லேசர்களையும் சேர்த்துச் சுட்டால் இன்னும் 6 கூடி 9 ஆகிவிடும். ஒரே சுற்றில் நடையும் குறியும் கெட்டுப்போகும். புதியவர் இதைத்தான் செய்வார். தேர்ந்தவர் ஒரு சுற்றில் இரண்டு பீரங்கிகளையும், அடுத்த சுற்றில் ஒன்றை மட்டும் சுட்டு வெப்பத்தை இறக்கிக்கொள்வார். எதிரி சூடேறித் தடுமாறும் சுற்றுக்காகத் தன் முழு வலிமையை அவர் சேமித்து வைக்கிறார். இவ்வளவு எளிய கூட்டல் கழித்தலில் இத்தனை பொறுமையைச் சோதிக்கும் விதியை வேறு எந்தப் பலகை ஆட்டத்திலும் காண்பது அரிது.

கூண்டுக்குள்

வெய்ஸ்மன் அமெரிக்க வணிகக் கடற்படைக் கல்விக்கழகத்தில் படித்தவர். கப்பலின் மேல்தளத்தைப் போலவே அமைந்த பயிற்சிப் பொறியை அங்கே கண்டிருந்தார். அப்படிப்பட்ட பொறிகள் பலவற்றை ஒன்றோடொன்று இணைத்து மனிதரோடு மனிதர் மோதும் விளையாட்டாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1990 இல் சிகாகோவின் நார்த் பியர் வளாகத்தில் பேட்டில்டெக் மையம் திறக்கப்பட்டபோது அது நிறைவேறியது. ஆட்டக்காரர் மூடிய கூண்டுக்குள் அமர்வார். முன்னே திரை, கையில் ஜாய்ஸ்டிக்கும் வேகப்பிடியும், காலடியில் மிதிகள், சுற்றிலும் பொத்தான்கள்.

இங்கேதான் திறமையின் பொருள் முதலில் மாறியது. மெக்கின் கால்கள் ஒரு திசையில் செல்ல, இடுப்புக்கு மேல் உள்ள உடல் வேறு திசையில் திரும்பலாம். சடுகுடுவில் பாடி வருபவரின் கால் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போவதைப் போல, ஓட்டத்தையும் குறியையும் தனித்தனியே ஆளப் பழக வேண்டியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் யார் யாரை எப்போது சுட்டார் என்ற விவரம் அச்சிட்டுத் தரப்பட்டது. தோல்விக்குக் காரணம் தேட அந்தத் தாள் உதவியது. துர்ப்பலன் என்று பகடையைக் குறைசொல்லும் வசதி போய்விட்டது.

வீட்டுக் கணினியில்

முதல் மெக்வாரியர் விளையாட்டை டைனமிக்ஸ் உருவாக்க, ஆக்டிவிஷன் 1989 இல் வெளியிட்டது. 1995 இல் வந்த மெக்வாரியர் 2 தான் பெரும் வெற்றி பெற்றது. ஆயுதம், கவசம், தணிப்பான் எல்லாவற்றையும் மாற்றியமைக்கும் பட்டறை அதில் இருந்தது. திறமையின் ஒரு பாதி போருக்கு முன்பே, டன் கணக்குப் பார்க்கும் இடத்தில், முடிந்துவிடலாயிற்று.

கணினி ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. பலகை ஆட்டத்தில் குண்டு எங்கே படும் என்பதைத் தனியே பகடை தீர்மானிக்கும். கையிலோ காலிலோ மார்பிலோ சிதறி விழும். மெக்கின் கவசக் கணக்கு முழுவதும் அந்தச் சிதறலை நம்பியே போடப்பட்டது. கணினியில் குறி வைத்த இடத்திலேயே எல்லா ஆயுதங்களும் பாய்ந்தன. மேசையில் பல சுற்றுகள் தாங்கிய இயந்திரம் இங்கே சில நொடிகளில் வீழ்ந்தது. பின்வந்த விளையாட்டுகள் அனைத்தும் இந்த ஒரு முரண்பாட்டோடு மல்லுக்கட்டியவை என்றே சொல்லலாம்.

இதே காலத்தில் வேறொரு பாதையும் இருந்தது. ஜப்பானின் காப்காம் நிறுவனம் 2002 இல் எக்ஸ்பாக்ஸ் பொறிக்கு வெளியிட்ட ஸ்டீல் பட்டாலியன், ஏறத்தாழ 40 பொத்தான்களும் மூன்று மிதிகளும் கொண்ட தனிக் கட்டுப்பாட்டுப் பலகையோடு வந்தது. வேகமாகப் போகும்போது சட்டெனத் திருப்பினால் இயந்திரம் கவிழும். அழியும் தறுவாயில் வெளியேறும் பொத்தானை அழுத்தத் தவறினால் ஓட்டுநர் இறந்ததாகக் கொண்டு, சேமித்த ஆட்டப் பதிவையே அழித்துவிடும். தோல்வியை நேரத்தோடு ஒப்புக்கொள்வதும் ஒரு திறமை என்று இவ்வளவு கடுமையாகக் கற்பித்த விளையாட்டு வேறில்லை.

இணையத்தில்

கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த பிரானா கேம்ஸ் நிறுவனம் 2013 இல் மெக்வாரியர் ஆன்லைனை முறையாக வெளியிட்டது. ஒரே இடத்தில் குவியும் குண்டுகளைச் சமாளிக்கப் பலகை ஆட்டத்தின் கவச அளவை இரட்டிப்பாக்கியிருந்தனர். அதுவும் போதவில்லை. ஒரே ரகப் பேராயுதங்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் அரை நொடிக்குள் சுட்டால் கூடுதல் வெப்பம் ஏறும் என்ற விதியை அதே ஆண்டில் சேர்த்தனர். ஆட்டக்காரர்கள் இதைப் 'பேய் வெப்பம்' என்று கேலி செய்தனர். விரைவிலேயே அரை நொடி இடைவெளி விட்டு இரண்டு பகுதிகளாகச் சுடவும் பழகிக்கொண்டனர்.

தற்காப்பு ஒரு தனிக்கலையானதும் இங்கேதான். நடுமார்பு உடைந்தால் மெக் அழியும். ஒரு கால் போனால் நொண்டும், ஆனால் சண்டையைத் தொடரலாம். ஆகவே தேர்ந்த ஓட்டுநர் சுட்ட மறுகணமே உடலைத் திருப்பி, வரும் அடியைத் தோளிலும் கையிலும் வாங்கிக்கொள்கிறார். ஆயுதம் இல்லாத கையைக் கேடயமாகப் பயன்படுத்தவென்றே எல்லா ஆயுதங்களையும் ஒரு பக்கம் பொருத்துவோரும் உண்டு. எதிரியின் லேசர் கதிர் ஏறக்குறைய ஒரு நொடி நீடிப்பதால், அந்த ஒரு நொடிக்குள் திரும்பினால் சேதம் பல பாகங்களுக்குப் பரவிவிடும். மேசையில் பகடை செய்த வேலையை இங்கே அடிவாங்குபவரின் கை செய்கிறது. புதியவரோ எதிரியைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டே நேராக நிற்பார். அவர் குறி எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதலில் வீழ்வது அவர்தான்.

2018 இல் வெய்ஸ்மனின் ஹேர்பிரெயின்ட் ஸ்கீம்ஸ் நிறுவனம் பேட்டில்டெக் என்ற பெயரிலேயே, முறைவைத்து ஆடும் கணினி விளையாட்டை வெளியிட்டது. குண்டு படும் இடம் அதில் மீண்டும் நிகழ்தகவின் கைக்குப் போனது. வெப்பக் கணக்கும் அதில் தொடர்ந்தது. ஆட்டக்காரர் இங்கே ஒரு கூலிப்படையின் தலைவர். உடைந்த மெக்கைச் சரிசெய்யப் பணமும் நாட்களும் செலவாகும், காயப்பட்ட ஓட்டுநர் குணமாகும்வரை காத்திருக்க வேண்டும், இறந்தவர் திரும்ப வருவதில்லை. பாதிப் போரில் ஒப்பந்தத்தைக் கைவிட்டுப் படையோடு வெளியேறவும் அதில் வழி உண்டு. நீண்ட நாள் ஆடியவர்கள் அதைத் தயங்காமல் பயன்படுத்துகின்றனர்.