வீட்டுக்கு முன் எழுந்த வாயில்

ஒரு படத்தின் கதாபாத்திரம் இன்னொரு படத்துள் புகுந்து உறவும் பகையும் கொள்ளுமாறு பல படங்களை ஒரே உலகமாகப் பிணைக்கும் முறை ஹாலிவுட்டிற்குப் புதியதன்று. யூனிவர்ஸல் நிறுவனம் 1931-இல் 'டிராக்குலா', 'பிராங்கன்ஸ்டைன்' ஆகிய இரு பேசும் படங்களை வெளியிட்டது. 1932-இல் 'மம்மி'யும், 1933-இல் 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' கதையும், 1941-இல் 'ஓநாய் மனிதன்' கதையும் வந்தன. ஒவ்வொன்றும் தன் காலில் நின்ற படம். பெலா லுகோஸியையும் போரிஸ் கார்லாஃபையும் கண்டு மக்கள் அஞ்சினர். அஞ்சிக்கொண்டே மறுபடியும் சீட்டு வாங்கினர்.

1943-இல்தான் பிராங்கன்ஸ்டைனின் பூதமும் ஓநாய் மனிதனும் ஒரே படத்தில் எதிர்ப்பட்டனர். அவ்வுலகில் ஒழுங்கு ஏதும் இல்லை. முந்திய படத்தில் மாண்டவன் பிந்திய படத்தில் காரணம் கூறாமலே எழுந்து வருவான்! முன்பே பழகிய முகங்களாதலின் அதனை எவரும் பெரிதுபடுத்தவில்லை.

பிற்காலத்தில் மார்வெல் நிறுவனத்தாரும் 2008 முதல் ஐந்து படங்களை வெளியிட்ட பின்னரே, 2012-இல் தம் வீரர்களை 'அவெஞ்சர்ஸ்' படத்தில் ஒன்றுகூட்டினர். அதன் வசூல் 150 கோடி டாலரைக் கடந்தது. அத்தொகை பிற முதலாளிகளின் உறக்கத்தைக் கெடுத்தது போலும்.

யூனிவர்ஸல் தன் பழைய பூதங்களை நினைந்தது. 2014-இல் வந்த டிராக்குலா படம் ஒன்று தொடக்கமாகக் கருதப்பட்டுப் பின்பு கைவிடப்பட்டது. 2017 மே 22-இல் 'இருண்ட பிரபஞ்சம்' என்னும் பெயரும், சின்னமும், டாம் குரூஸ், ரஸ்ஸல் குரோ, ஜானி டெப் முதலியோர் இடம்பெற்ற புகைப்படமும் வெளியாயின. முதற்படமாகிய புதிய 'மம்மி' அமெரிக்கத் திரைக்கு வந்ததோ ஜூன் 9-இல்! அப்படத்தின் நடுவே டாக்டர் ஜெக்கில் தோன்றித் தம் இரகசியச் சங்கத்தைக் காட்டுகிறார். பயப்பட வந்தவனுக்கு அங்கே கிடைப்பது வரப்போகும் படங்களின் விளம்பரமே.

பன்னிரண்டு கோடி டாலருக்கு மேல் விழுங்கிய அப்படம் அமெரிக்காவில் ஈட்டியது ஏறத்தாழ எட்டுக் கோடி. வெளிநாடுகள் கைகொடுத்தும் பயனில்லை. 2019-இல் வெளிவரவிருந்த 'பிராங்கன்ஸ்டைனின் மணமகள்' அக்டோபரில் நிறுத்தி வைக்கப்பட்டது. நவம்பரில் திட்டத்தின் தலைவர் இருவரும் விலகினர்.

2020-இல் அதே நிறுவனம் 'கண்ணுக்குத் தெரியாத மனித'னை மீண்டும் வெளியிட்டது. லீ வானெல் இயக்கிய அப்படத்தின் செலவு ஏறத்தாழ 70 இலட்சம் டாலரே; வசூல் 14 கோடிக்கும் அதிகம். தன்னை அடக்கியாண்ட காதலனிடமிருந்து தப்பிய ஒரு பெண். அவள் சொல்வதை நம்ப ஆளில்லை. கதை அவ்வளவே. அதில் ஜெக்கிலும் இல்லை, சங்கமும் இல்லை.