இயோசீன் கால வெப்பநிலை மீட்டுருவாக்கம்: புதைபடிவச் சான்றும் கணினி மாதிரியும்

ஆய்வுச் சுருக்கம்

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலவிய இயோசீன் கால வெப்பநிலையைப் புதைபடிவங்கள் ஒருவிதமாகவும் கணினிக் காலநிலை மாதிரிகள் வேறுவிதமாகவும் காட்டின. அம்முரண்பாடு குறைந்துவந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு சான்று மற்றொன்றை வென்றதால் அன்று, ஒன்றன் பிழையை மற்றொன்று வெளிக்கொணர்ந்ததால்தான் மீட்டுருவாக்கம் வலுப்பெற்றது என்பது இதன் கருத்து.

திறவுச் சொற்கள்: இயோசீன், தொல்காலநிலையியல், புதைபடிவம், காலநிலை மாதிரி, கார்பன் டை ஆக்சைடு.

முன்னுரை

வெப்பமானி தோன்றி நான்கு நூற்றாண்டுகளே ஆகின்றன. அதற்கு முந்தைய காலநிலையை அறிய மறைமுகச் சான்றுகளே துணை. பாறைகளிலும் கடலடிப் படிவுகளிலும் எஞ்சிய உயிர்களின் அடையாளங்கள் ஒரு வழி. இயற்பியல் விதிகளைக் கொண்டு வளிமண்டலத்தையும் கடலையும் கணினியில் இயக்கிப் பார்ப்பது மற்றொரு வழி. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய இயோசீன் காலத்தின் முற்பகுதியில் இவ்விரு வழிகளும் நெடுங்காலம் ஒத்துப்போகவில்லை.

புதைபடிவங்கள் காட்டிய வெப்பம்

இலை விளிம்புக்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பைப் பெய்லி, சின்னாட் ஆகியோர் 1915-இல் எடுத்துரைத்தனர். வெப்பம் மிகுந்த காடுகளில் பற்களற்ற விளிம்புடைய இலைகள் மிகுதி. குளிர்ந்த காடுகளில் பற்களுடைய இலைகள் மிகுதி. இந்த விகிதத்தைக் கொண்டு புதைபடிவ இலைத் தொகுதி ஒன்றின் காலத்து வெப்பநிலையை மதிப்பிடலாயிற்று.

1975-இல் மேரி டாசன், ராபர்ட் வெஸ்ட் குழுவினர் கனடாவின் வடகோடியிலுள்ள எல்லெஸ்மியர் தீவில் முதலையினத்தின் எச்சங்களையும் ஆமைகளின் எச்சங்களையும் கண்டெடுத்தனர். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் கதிரவனையே காணாத நிலம் அது. இன்று கடுங்குளிர் நிலவும் வயோமிங் உள்நாட்டுப் பகுதியிலும் இயோசீன் காலப் பனைக்குடும்பத் தாவரங்கள் கிடைத்துள்ளன. கடும் உறைபனி நிலவும் குளிர்காலத்தை இவை தாங்குவதில்லை. ஆகவே, துருவப் பகுதியிலும் கண்டத்தின் நடுவிலும் மிதமான குளிர்காலமே நிலவியிருத்தல் வேண்டும் என்பது புதைபடிவங்கள் தந்த முடிவு.

மாதிரிகள் தந்த மறுப்பு

1990-இல் லிசா ஸ்லோன், எரிக் பாரன் ஆகியோர் இம்முடிவை ஐயுற்றனர். அவர்களது மாதிரியில் கண்டங்களின் உட்பகுதி குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே சென்றது. கடலிலிருந்து விலகிய நிலம் குளிர்காலத்தில் விரைந்து வெப்பத்தை இழக்கும் என்பது இயற்பியல். இதற்கு ஸ்காட் விங், டேவிட் கிரீன்வுட் ஆகியோர் 1993-இல் தாவரச் சான்றுகளைத் தொகுத்து, உட்பகுதியின் குளிர்காலம் மிதமானதே என மறுமொழி அளித்தனர்.

சிக்கலை மேலும் கடினமாக்கியது வெப்பமண்டலக் கடல் பற்றிய தரவு. போராமினிபெரா என்னும் நுண்ணுயிரிகளின் ஓடுகளிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம் அக்கடல் இன்றைவிடவும் குளிர்ந்திருந்ததாகக் காட்டியது. துருவத்தை மட்டும் வெப்பமாக்கி, நிலநடுக்கோட்டைக் குளிராக வைத்திருக்கும் காரணி எதையும் மாதிரிகளில் காண இயலவில்லை.

சான்றின் திருத்தம்

இங்கே பிழை சான்றின் பக்கம் இருந்தது. தான்சானியாவின் களிமண் படிவுகளில் நன்கு பாதுகாக்கப்பட்ட ஓடுகளைப் பால் பியர்சன் குழுவினர் ஆராய்ந்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டனர். வெப்பமண்டலக் கடற்பரப்பின் வெப்பநிலை குறைந்தது 28 முதல் 32 டிகிரி செல்சியஸ் என அவை காட்டின. முன்னர் ஆராயப்பட்ட ஓடுகள் பலவும் குளிர்ந்த கடலடியில் மீள்படிகமாகி, அக்குளிரின் அடையாளத்தை ஏற்றிருந்தன. ஓடு உருவான இடத்தின் வெப்பநிலைக்கு மாறாக அது புதைந்த இடத்தின் வெப்பநிலையே அளக்கப்பட்டிருந்தது.

மாதிரியின் திருத்தம்

மாதிரிகளிலும் குறை இருந்தது. 2011-இல் ஹூபர், கபல்லெரோ ஆகியோர் நிலத் தரவுகளோடு பெரிதும் பொருந்தும் மாதிரி முடிவை அளித்தனர். ஆனால், அதற்கெனக் கார்பன் டை ஆக்சைடு அளவைப் பத்து இலட்சத்தில் 4,480 பங்கு என உயர்த்த வேண்டியிருந்தது. தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைப் போல் இது 16 மடங்கு. 2016-இல் போரான் ஐசோடோப்பு ஆய்வு முன் இயோசீனின் உச்ச வெப்பக் கட்டத்துக்கு அளித்த மதிப்போ சுமார் 1,400 பங்கே.

ஜூ, பௌல்சன், டியர்னி ஆகியோர் 2019-இல் இவ்விடைவெளியைப் பெரிதும் குறைத்தனர். வெப்பம் கூடுந்தோறும் முகில்களின் ஒளிமறைக்கும் திறன் குறைந்து, கூடுதல் கதிரொளி உள்ளே வருவதை அவர்கள் பயன்படுத்திய மாதிரி உள்ளடக்கியிருந்தது. அதனால் மிகையான கார்பன் அளவு தேவைப்படவில்லை.

எனினும், மாதிரி புதியதாக இருப்பதே அதன் சரித்தன்மைக்குச் சான்றாகாது. அதே மாதிரிக் குடும்பத்தின் அடுத்த பதிப்பு 2020-இல் இயோசீன் நிலைமைகளில் சோதிக்கப்பட்டபோது, வெப்பமண்டல நிலப்பரப்பு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. தாவரங்களின் ஒளிச்சேர்க்கை அவ்வெப்பத்தில் நிகழாது. ஆயினும் அக்காலத்து வெப்பமண்டலத்தில் காடுகள் இருந்தமைக்குப் புதைபடிவங்கள் சான்று. ஆதலின் அப்பதிப்பு வெப்பமாதலை மிகைப்படுத்துவது புலனாயிற்று.

முடிவுரை

வருங்கால வெப்பமாதலைக் கணிப்பதும் இத்தகைய மாதிரிகளே. எதிர்காலத்தை அளந்து அவற்றைச் சரிபார்க்க இயலாது. இன்றைய காலநிலையோடு பொருந்துவது மட்டும் போதாது. இன்றைய அளவைவிடப் பன்மடங்கு கார்பன் டை ஆக்சைடு நிலவிய உலகில் அவற்றைச் சோதிக்க இயோசீன் இடமளிக்கிறது. ஆனால், அச்சோதனைக்கான அளவுகோலும் திருத்தத்துக்கு உட்பட்டதே என்பதைத் தான்சானிய ஓடுகள் காட்டின. முரண்பாடு தோன்றும் இடத்தில் ஒரு தரப்பை உடனே விலக்கிவிடாமல், இரு தரப்பும் உருவான முறையை ஆராய்ந்ததே இத்துறையை முன்னெடுத்துச் சென்றது எனலாம்.