அஸ்தி கரைத்தல்

இறந்தவரைத் தகனம் செய்தபின் எஞ்சும் எலும்புகளையும் சாம்பலையும் எடுத்து ஆற்றிலோ கடலிலோ சேர்க்கும் சடங்கு. பிணத்தைப் புதைக்கும் வழக்கமுள்ள சமூகங்கள் தமிழகத்தில் நிறைய உண்டு. அவர்களுக்கு இது கிடையாது.

பழந்தமிழர் பலர் எலும்பைக் கரைக்கவில்லை, பேணி வைத்தனர். 1876இல் ஜெர்மானியர் ஃபெடோர் யாகரும் பின்னர் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்த ஆதிச்சநல்லூரிலும், கீழடியை அடுத்த கொந்தகையிலும் முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. சிலவற்றில் முழு எலும்புக்கூடு இருந்தது. சிலவற்றில் பொறுக்கி எடுத்து இட்ட எலும்புகள் மட்டுமே. கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையும்படி குயவரிடம் கேட்பதைப் புறநானூறு சொல்கிறது. தாழியின் வரலாற்றில் இதைவிட உருக்கமான சான்று வேறில்லை. மணிமேகலை காலத்துச் சுடுகாட்டில் எரிப்பதும், புதைப்பதும், தாழியில் கவிப்பதும் ஒருங்கே நடந்தன. பிறகு தாழி வழக்கொழிந்தது.

நீரில் கரைப்பதற்குப் பின்னணியாகச் சொல்லப்படுவது, முன்னோரின் சாம்பலைக் கரையேற்றப் பகீரதன் கங்கையைக் கொணர்ந்த புராணம். காசிக்குப் போக வாய்க்காதவர்களுக்கு இராமேசுவரம் அக்னி தீர்த்தமும், பவானி கூடுதுறையும், திருவரங்கம் அம்மா மண்டபமும் இருந்தன. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டபின் படகேறாமலே இராமேசுவரம் போக முடிந்தது. யாழ்ப்பாணத்தாருக்குக் கீரிமலை.

தகனத்துக்கு மறுநாள் காலை பால் தெளிப்பு. ஆறிய சிதைமேல் நீரும் பாலும் தெளித்து, கால் பக்கம் தொடங்கித் தலைவரை ஒவ்வோர் இடத்திலும் ஒரு துண்டு எலும்பு எடுத்து மண் கலயத்தில் இடுவார்கள். எடுப்பது பெரும்பாலும் கொள்ளி வைத்த மகன். பங்காளிகள் உடன் நிற்பார்கள். கலயத்தின் வாயைத் துணியால் கட்டுவார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. அன்றே கரைக்க முடியாவிட்டால் வெளியே மரக்கிளையில் தொங்கவிடுவது பழைய முறை. மின் மயானமும் எரிவாயுத் தகனமேடையும் வந்தபின் சில மணி நேரத்திலேயே சாம்பல் கைக்கு வந்துவிடுகிறது. ஓர் இரவு இடைவெளி விட்டுத் திரும்பப் போய் நிற்கும் அந்தக் காலை பல குடும்பங்களுக்கு இப்போது இல்லை. இது இழப்புதான்.

நாடே சேர்ந்து கரைத்தது காந்தியின் அஸ்தியை. 1948 பிப்ரவரி 12 அன்று திரிவேணி சங்கமத்திலும் நாட்டின் பல நீர்நிலைகளிலும் அது கரைக்கப்பட்டது. கன்னியாகுமரியில் கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில் 1956இல் எழுந்த மண்டபத்தில், அக்டோபர் 2 நண்பகலில் அவ்விடத்தின்மேல் சூரிய ஒளி விழும்படி கூரையில் துளை விட்டிருக்கிறார்கள். கட்டாக் வங்கிப் பெட்டகம் ஒன்றில் தங்கிப்போன ஒரு கலசம் 1997இல்தான் அலகாபாத்தில் கரைக்கப்பட்டது. நேரு, ஒரு பிடியைக் கங்கையிலும் மீதியை விமானத்திலிருந்து உழவர் பாடுபடும் வயல்கள்மீதும் தூவச் சொல்லி உயில் எழுதினார். கங்கையைத் தேர்ந்ததில் மதக் காரணம் ஏதுமில்லை என்றும் தெளிவுபடுத்தினார். 1964இல் அவ்வாறே நடந்தது.

கடல் கடந்து வாழ்வோரில் சிலர் அஸ்தியை ஊருக்கே கொண்டுவருகிறார்கள். அமெரிக்காவில் 2009இல் மறைந்த அறிவியலாளர் சியாமளா கோபாலனின் அஸ்தி சென்னை பெசன்ட் நகர்க் கடலில் கரைக்கப்பட்டது. சிங்கப்பூரிலோ இதற்கென்றே செமக்காவ் தீவுக்குத் தெற்கே கடற்பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. குடும்பத்தார் படகில் போகிறார்கள்.

எரிந்த எலும்பு பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்தான். அதனால் ஆறு பாழாவதில்லை. கூடவே வீசப்படும் துணிகளும் பிளாஸ்டிக் பைகளும்தான் ஆற்றைக் கெடுக்கின்றன. பாபநாசத்தில் தாமிரபரணியிலிருந்து பழந்துணிகளை மூட்டை மூட்டையாக வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. கரைக்கப் போகிறவர்கள் அஸ்தியை மட்டும் நீரில் விட்டு, மற்றவற்றைத் திரும்ப எடுத்துவர வேண்டும்.