அழுத்தம் என்னும் சொல்லும் ஒரு சவாசன ஆய்வும்

மும்பை, பரேலிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையில் கே. கே. தாத்தே முதலிய மருத்துவர்கள் நிகழ்த்திய சவாசன ஆய்வு 1969இல் 'ஆஞ்சியாலஜி' இதழில் வெளிவந்தது. உயர் இரத்த அழுத்தமுடையோர் 47 பேர் மூன்று பிரிவாக ஆராயப்பெற்றனர். மருந்து உட்கொள்ளாத பிரிவினரின் சராசரி அழுத்தம் 134இலிருந்து 107 மி.மீ. பாதரச அளவிற்குக் குறைந்தது. ஏனைய பிரிவினருள்ளும் சிலர்க்கு மருந்தளவு குறைக்கப்பட்டது. ஆயினும் சவாசனம் பயிலாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. இலண்டனில் சந்திரா பட்டேல் 1975இல் வெளியிட்ட ஆய்வே இக்குறையை நீக்கியது எனலாம்.

இவ்வாய்வைத் தமிழில் எடுத்துரைக்க முற்படுவோர் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்வர். குருதியின் நிலை 'இரத்த அழுத்தம்'. உள்ளத்தின் நிலை 'மன அழுத்தம்'. சொல் ஒன்றாதலின் நோயும் ஒன்றெனத் தோன்றுகிறது. ('மனச்சோர்வு' எனத்தக்க நோயையும் சிலர் மன அழுத்தம் என்றே எழுதுவது குழப்பத்தை மிகுவிக்கிறது.) உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாதது, மனம் அமைதியாயிருக்கையிலும் நீடிப்பது. மனம் தெளிந்தால் மாத்திரை வேண்டா என்று நோயாளி கருதுவதற்கு இச்சொல்லாட்சி இடந்தருகிறது. மொழிபெயர்ப்பாளர் இதனைச் சிறு பிழையெனத் தள்ளுதல் கூடாது.

மராத்தியில் இம்மயக்கம் இல்லை. குருதிக்கு 'ரக்ததாப்', மனத்திற்குத் 'தாண்' என இரு வேறு சொற்கள் வழங்குகின்றன. 1992இல் மான்குர்து–வாசி இருப்புப்பாதை திறக்கப்பட்டபின், செம்பூர், மாட்டுங்காப் பகுதிகளிலிருந்து சான்பாடா முதலிய நவி மும்பைப் பகுதிகளுக்குப் பெயர்ந்த தமிழர்க்கு இவ்விரு சொற்களும் அன்றாடம் காதில் விழுவன. அவர்தம் பேச்சிலும் 'பிரஷர்' குருதிக்கும் 'டென்ஷன்' மனத்திற்கும் எனப் பிரிந்தே நிற்கின்றன. எழுத்துத் தமிழ் கலந்துவிட்டதைப் பேச்சுத் தமிழ் பிரித்து வைத்திருப்பது நோக்கத்தக்கது.

'ஆளுமை' என்பதன் நிலை வேறு. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலம் முகமூடியைக் குறிப்பது. தமிழ்ச்சொல்லோ 'ஆள்' என்னும் வினையடியிற் பிறந்தது. 'தன்மேலாண்மை'யும் அவ்வடியினதே. எனவே ஆளுமைக்கும் தன்மேலாண்மைக்கும் உள்ள தொடர்பு ஆய்வின்றியே நிறுவப்பட்டதுபோல் தமிழில் ஒலிக்கிறது. ஆய்வுலகில் அது அத்துணை எளிதன்று. பரபரப்பும் போட்டியுணர்வும் மிக்க 'ஏ' வகை ஆளுமைக்கும் இதயநோய்க்கும் தொடர்புண்டென ஃபிரீட்மனும் ரோசன்மனும் 1959இல் எழுதினர். 1980களில் வந்த ஆய்வுகள் பல அதனை உறுதிசெய்யவில்லை.

இனி, மாற்றுச்சொல் உண்டா எனின், தமிழக இயற்பியல் நூல்கள் பொருளின்மீதான விசை விளைவைத் 'தகைவு' என்கின்றன. உளவியலுக்கு அது வந்து சேரவில்லை. ஈழத்து உளநல எழுத்துகளில் 'நெருக்கீடு' வழங்குகிறது. புறச்சூழல் நெருக்குதலும் உள்ளம் அதற்கு உட்படுதலும் அச்சொல்லில் ஒருங்கே அமைகின்றன. இரத்த அழுத்தத்தோடு மயங்குவதற்கும் அதில் இடமில்லை.