கடற்கரைக் காணி: சட்டம் யாருக்காகத் திருத்தப்படுகிறது?

கனடாவில் வசிக்கும் என் மாமா, கற்பிட்டிப் பக்கம் ஒரு துண்டுக் காணி பார்த்துச் சொல்லும்படி கேட்டார். பாலாவியில் திரும்பிக் கடற்கரை வரை போனேன். தரகர் பேர்ச் கணக்கில் விலை சொன்னார். மாமாவிடம் கனேடியக் குடியுரிமை மட்டுமே இருக்கிறது என்றதும், உறுதியை என் பெயரில் எழுதிவிடலாம், இது எல்லோரும் செய்வதுதான் என்றார். நான் சம்மதிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டங்களைப் படித்தேன். படித்ததை இங்கே தருகிறேன்.

வெளிநாட்டவருக்குக் காணி

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம், வெளிநாட்டவருக்கும், 50 வீதம் அல்லது அதற்கு மேல் வெளிநாட்டுப் பங்குகளைக் கொண்ட கம்பனிகளுக்கும் காணியை உரிமை மாற்றுவதைத் தடை செய்தது. இது 2013 ஜனவரி 1 முதல் செல்லுபடியாகும். மீறி எழுதப்படும் உறுதி வெற்றுக் காகிதமே. ஆனால் 99 ஆண்டுகள் வரை குத்தகைக்கு எடுக்கலாம். அதற்கு மொத்தக் குத்தகைப் பணத்தில் 15 வீதம் வரி விதிக்கப்பட்டது.

புலம்பெயர்ந்த உறவுகள் கவனிக்கவேண்டிய விலக்குகள் இரண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ளவரை இந்தத் தடை கட்டுப்படுத்தாது. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ள நெருங்கிய உறவினர், வாரிசுரிமையாகவோ நன்கொடையாகவோ மரணசாதனம் மூலமாகவோ காணியைப் பெறலாம். விலை கொடுத்து வாங்கத்தான் முடியாது.

கேட்டவர்களுக்குக் கிடைத்தது

இந்தச் சட்டம் முதலீட்டைத் தடுக்கிறது என்று காணி, கட்டட வர்த்தகத்தினர் ஆரம்பம் முதலே முறையிட்டனர். 2015 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதாகவும் குத்தகை வரியை நீக்குவதாகவும் அறிவித்தது. 2017இன் 3ஆம் இலக்கத் திருத்தம் அந்த வரியை நீக்கியது. 2017 நவம்பரில், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனிகளுக்கு விலக்களிக்கவும், நான்காம் மாடிக்குக் கீழுள்ள தொடர்மாடி வீடுகளையும் வெளிநாட்டவருக்குத் திறந்துவிடவும் முன்மொழியப்பட்டது. அதைத் தொடர்ந்து 2018இன் 21ஆம் இலக்கத் திருத்தம் வந்தது.

தொடர்மாடிக் கட்டட நிறுவனங்களின் சங்கம் பெறுமதி சேர் வரியையும் வெளிப்படையாக எதிர்த்தது. 2019 ஏப்ரல் 1 முதல் தொடர்மாடி வீடுகளுக்கு விதிக்கப்பட்ட அந்த வரி, ஆட்சி மாறியதும் அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் விலக்கப்பட்டது. எட்டே மாதம்.

சங்கம் அமைப்பதும் அரசிடம் கேட்பதும் குற்றமல்ல. அதே கடற்கரையில் மற்றவர்கள் கேட்டபோது என்ன கிடைத்தது என்பதே என் கேள்வி.

இடம்பெயர்ந்தவருக்கு இரண்டு ஆண்டு

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தார்கள். அவர்கள் விட்டுவந்த காணிகளில் வேறு சிலர் குடியேறினார்கள். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் தனியார் காணியொன்றை உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் இடையூறின்றி வைத்திருந்தால் அதற்கு உரிமை கோரலாம். போரால் ஊருக்குப் போக முடியாதவர் எப்படி இடையூறு செய்வார்?

இதற்குப் பரிகாரமாக 2016இன் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (சிறப்பேற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்தாண்டுக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் போர் முடிந்து ஏழு ஆண்டுகள் கழித்து வந்த இந்தச் சட்டத்துக்குக் கொடுக்கப்பட்ட காலம் இரண்டே ஆண்டுகள். தீவிரவாதக் குழுவின் செயற்பாடுகளால் தடுக்கப்பட்டவர் என்பதே அதன் வாசகம். இராணுவம் காணிக்குள் இருந்ததால் திரும்பமுடியாத வலிகாமத்தார் போன்றோரை அந்த வாசகம் பெயர் சொல்லவில்லை.

வாடிக்காரருக்கு ஒன்றுமில்லை

கற்பிட்டி ஒருங்கிணைந்த உல்லாசத் திட்டம் 14 தீவுகளை உள்ளடக்கியது. உச்சமுனை போன்ற தீவுகளிலும் கரைகளிலும் மீனவர்கள் தலைமுறைகளாக வாடி அடித்துத் தொழில் செய்கிறார்கள். அந்தக் கரைகளில் பெரும்பகுதி அரச காணி. அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை கோரமுடியாது. பத்து ஆண்டு என்ன, நூறு ஆண்டு இருந்தாலும் வாடி வாடிதான். அதே கரையை ஒரு கம்பனி 99 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுக்கலாம்.

நாம் செய்யக்கூடியது

மாமாவிடம் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். இன்னொருவர் பெயரில் காணி வாங்காதீர்கள். பணம் உங்களுடையது, உறுதி அவருடையது. அவர் மறுத்தாலோ இறந்தாலோ உங்கள் கையில் சட்டம் இருக்காது. ஊரில் காணி உள்ளவர்கள் காணிப் பதிவகத்தில் பதிவேட்டின் பிரதியை எடுத்துப் பாருங்கள். வேறொருவர் அதில் இருந்தால் எழுத்தில் ஆட்சேபியுங்கள், சட்டத்தரணியிடம் தாமதிக்காமல் போங்கள்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னும் கட்டட நிறுவனங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலோடு நிதி அமைச்சுக்குப் போகும். ஆலங்குடா முகாமில் வளர்ந்தவர்களும், உடப்புக் கரைவலைக்காரரும், வலிகாமத்துக் காணிக்காரரும் ஒரே பட்டியலோடு அங்கே போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. போகவேண்டும்.